அமைதி வேண்டும் என்று உட்காராதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி இருந்தன: பௌத்தம் சொல்லும் விழிப்பு, மூச்சுத் தியானம், அன்றாட வேலைகளுக்கு நடுவில் மன அமைதி. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நீளமான கடிதங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன், அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: சில மாதங்களாகக் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கிறேன். இரண்டு மூச்சுக்கு மேல் நிற்பதில்லை, மனம் எங்கெங்கோ போய்விடுகிறது. உட்காருவதற்கு முன்பு இருந்த அமைதிகூட எழுந்திருக்கும்போது இல்லை. எனக்கு இது வரவே வராதா?

பதில்: வரும், வந்துகொண்டும் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததில் எனக்குத் தென்பட்ட சிக்கல் ஒன்றுதான். அமைதியாகிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு உட்காருகிறீர்கள், அப்புறம் அது வந்துவிட்டதா வந்துவிட்டதா என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள், வரவில்லை என்றதும் எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சல்தான் நீங்கள் எழுந்திருக்கும்போது கூடவே எழுந்து வருகிறது.

புத்தரின் பேச்சுகளைப் பாலி மொழியில் தொகுத்த நூல்களில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தில் பத்தாவதாக இருக்கும் சதிபட்டான சுத்தத்தை (சுத்தம் என்றால் புத்தரின் ஒரு பேச்சு) ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மூச்சைப் பற்றி அது முதலில் சொல்வது மிகவும் எளிமையான விஷயம். நீளமாக மூச்சு இழுத்தால் நீளமாக இழுக்கிறேன் என்று தெரிந்துகொள்வது, குறுகலாக இழுத்தால் குறுகலாக இழுக்கிறேன் என்று தெரிந்துகொள்வது, அவ்வளவுதான். உடலைத் தணித்துக்கொண்டு மூச்சு விடுவதெல்லாம் அதற்கு அடுத்த படி. இன்னும் கொஞ்சம் தள்ளி மனதைக் கவனிக்கும் பகுதி வருகிறது, அங்கே வெறுப்புள்ள மனதை வெறுப்புள்ள மனம் என்றும் சிதறிய மனதைச் சிதறிய மனம் என்றும் அறிந்துகொள்ளச் சொல்கிறார் புத்தர். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களை இவ்வளவு நாளாக வருத்துகிற அந்தச் சிதறல், கவனிக்க வேண்டியவற்றின் பட்டியலிலேயே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது! "மனம் போய்விட்டது" என்று உங்களுக்குத் தெரிந்த அந்தக் கணமே பயிற்சி நடந்த கணம், அது ஒரு காலையில் நூறு முறை நடந்தாலும் நூறு முறையும் நீங்கள் விழித்திருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

செய்முறையாகச் சொன்னால், மூக்கு நுனியில் மூச்சு பிடிபடவில்லை என்றால் வயிற்றுக்கு வாருங்கள். பர்மிய ஆசிரியர் மஹாசி சயடோ (1904–1982) வயிறு எழுவதையும் அடங்குவதையும்தான் முதலில் கவனிக்கச் சொன்னார், அது மூச்சை விடத் தெளிவாகப் புலப்படும். நினைப்பு வந்தால் மனதுக்குள் "நினைப்பு" என்று மெல்லக் குறித்துக்கொண்டு திரும்பி வயிற்றுக்கு வரச் சொன்னார். அந்தத் திரும்பலில் திட்டு இருக்கக் கூடாது. "சே, மறுபடியும் போயிடுச்சே" என்று ஒரு குரல் எழுந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு நினைப்புதான். எழுந்திருக்கும்போது அமைதி இருந்ததா என்று கணக்குப் பார்ப்பதை ஒரு மாதத்துக்கு விட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. இது சோம்பலா, தியானமா?

பதில்: தூக்கம்தான். ஆனால் வெட்கப்பட ஒன்றுமில்லை, புத்தரின் தலைமைச் சீடர்கள் இருவரில் ஒருவரான மொக்கல்லானரே தியானத்தில் தூங்கி விழுந்திருக்கிறார். அப்போது புத்தர் அவருக்குச் சொன்ன யோசனைகள் அங்குத்தர நிகாயம் என்ற இன்னொரு தொகுப்பில் இருக்கின்றன, அவற்றின் எளிமையை நினைத்தால் எனக்கு மிகவும் பிரியமாக இருக்கும். எந்த நினைப்பில் இருந்தபோது தூக்கம் வந்ததோ அதை விட்டுவிடு. கற்றதை மனதில் ஓட்டிப் பார், வாய்விட்டுச் சொல்லிப் பார். இரண்டு காது மடல்களையும் பிடித்து இழு, கை கால்களைத் தேய்த்துவிடு. எழுந்து கண்ணைத் தண்ணீரால் கழுவிக்கொண்டு நாலு பக்கமும் பார், அண்ணாந்து நட்சத்திரங்களைப் பார். வெளிச்சத்தை மனதில் நிறுத்திப் பார். அப்புறம் எழுந்து முன்னும் பின்னும் நட. இதற்கெல்லாம் போகாவிட்டால் வலது பக்கமாகப் படுத்துத் தூங்கு, விழித்ததும் எழுந்துவிட வேண்டும் என்ற நினைவோடு. கடைசி யோசனை தூங்கு என்பதுதான் என்பதைக் கவனித்தீர்களா? உங்களுக்கு இரவுத் தூக்கமே போதவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், உடல் கேட்கும் தூக்கத்தைத் தியானத்தால் ஈடுகட்ட முடியாது.

கேள்வி: கண்ணை மூடி உட்கார எனக்கு நேரமே இல்லை அம்மா. எழுந்ததிலிருந்து குழந்தைகள், சமையல், வேலை, திரும்பி வந்தால் மறுபடியும் வீட்டு வேலை. தனியாக ஐந்து நிமிடம் கிடைப்பதே பெரிய விஷயம். என்னைப் போன்றவர்களுக்கு இதில் இடம் உண்டா?

பதில்: உண்டு, இடமே உங்களைப் போன்றவர்களிடம்தான் இருக்கிறது என்றுகூடச் சொல்வேன். மேலே சொன்ன அதே சுத்தத்தில், தெளிந்த அறிவோடு செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியல் வருகிறது. முன்னே போவது, திரும்பி வருவது, நேரே பார்ப்பது, பக்கத்தில் பார்ப்பது, கை கால்களை மடக்குவது, நீட்டுவது, உடை உடுப்பது, சாப்பிடுவது, குடிப்பது, மெல்லுவது, மலஜலம் கழிப்பது, நடப்பது, நிற்பது, தூங்குவது, விழிப்பது, பேசுவது, பேசாமல் இருப்பது. எதையும் விட்டுவைக்கவில்லை. மலஜலம் கழிப்பது வரைக்கும் எழுதி வைத்தவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு இடமில்லை என்று சொல்லியிருப்பார்களா?

ஆனால் ஒரு எச்சரிக்கை. "இன்றைக்கு முழுக்க விழிப்போடு இருக்கப்போகிறேன்" என்று காலையில் சபதம் எடுத்தால் மத்தியானத்துக்குள் களைத்துவிடுவீர்கள், அப்புறம் அது உங்கள் வேலைப் பட்டியலில் இன்னொரு வேலையாகச் சேர்ந்துகொள்ளும். ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள், அதுவும் நெருக்கடி இல்லாத வேலையாக. கை கழுவுவது, துணி மடிப்பது, மாடிப்படி ஏறுவது, இப்படி ஏதாவது ஒன்று. அதைச் செய்யும்போது தண்ணீரின் சூடும் குளிரும், துணியின் சொரசொரப்பும், பாதம் படியில் அழுந்துவதும் மட்டும் தெரிந்தால் போதும். மெதுவாகச் செய்ய வேண்டிய அவசியமில்லை, உங்கள் வேகத்திலேயே செய்யுங்கள். குழந்தை கூப்பிட்டால் போய்விடுங்கள், போகும்போது கால் தரையில் படுவது தெரிந்தால் அது கூடுதல் லாபம்.

வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான் (1926–2022) பிரான்சில் 1982இல் தொடங்கிய ப்ளம் வில்லேஜ் மடத்தில் ஒரு பழக்கம் உண்டு. மணி அடித்தால், கடிகாரம் ஒலித்தால், தொலைபேசி ஒலித்தால்கூட, எல்லோரும் செய்துகொண்டிருப்பதை நிறுத்திவிட்டு மூச்சுக்குத் திரும்புகிறார்கள். அப்புறம்தான் வேலை தொடரும். உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை ஒலிகள்! அதில் ஏதாவது ஒன்றை உங்கள் மணியாக வைத்துக்கொள்ளுங்கள், வேறு யாருக்கும் தெரிய வேண்டியதுகூட இல்லை.

கேள்வி: அலுவலகத்தில் மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் என்னை அவமானப்படுத்திப் பேசிவிட்டார். நடந்தது ஐந்து நிமிடம். ஆனால் வாரக்கணக்கில் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று ராத்திரி முழுக்க மனதுக்குள் வசனம் ஓடுகிறது. தியானம் செய்பவன் கோபப்படக் கூடாது என்கிறார்கள். அப்படியென்றால் நடந்ததை மறந்துவிட வேண்டுமா?

பதில்: மறக்க முடியாது, மறக்கவும் வேண்டாம். உங்கள் கேள்விக்குள் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

சம்யுத்த நிகாயம் என்ற தொகுப்பில் சல்லத்த சுத்தம் என்று ஒன்று இருக்கிறது, அம்பைப் பற்றியது. பயிற்சி இல்லாதவனுக்கு ஒரு துன்பம் வந்தால் அவன் அழுது புலம்பி இரண்டு வேதனைகளை அனுபவிக்கிறான், உடலில் ஒன்று, மனதில் ஒன்று. ஓர் அம்பு தைத்தவன் மீது உடனே இரண்டாவது அம்பும் தைத்தது போல என்கிறார் புத்தர். பயிற்சி உள்ளவனுக்கும் முதல் அம்பு தைக்கத்தான் செய்கிறது. இதை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். பயிற்சி உள்ளவனுக்கு வலிக்காது என்று அங்கே சொல்லப்படவில்லை. மேலாளர் பேசியது உங்கள் முதல் அம்பு. அது வலித்ததில் உங்கள் பயிற்சிக் குறைபாடு எதுவும் இல்லை, யாருக்கும் வலிக்கும். ராத்திரி ஓடுகிற வசனம் இரண்டாவது.

இரண்டாவது அம்பு எங்கே புறப்படுகிறது என்பதைப் பார்க்கப் பழக வேண்டும். பௌத்தக் காப்பியமான மணிமேகலையில் பன்னிரண்டு நிதானங்கள், அதாவது துன்பம் பிறக்கும் காரணங்கள், வரிசையாக வரும், அதில் நடுவில் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று ஒரு தொடர். ஏதோ ஒன்று வந்து படுகிறது, அது இனிப்பாகவோ கசப்பாகவோ இரண்டும் இல்லாமலோ தோன்றுகிறது, இனித்தால் இன்னும் வேண்டும் என்றும் கசந்தால் தொலைந்து போகட்டும் என்றும் மனம் தாவுகிறது, தாவியதைப் பிடித்துக்கொள்கிறது. நுகர்வு வரைக்கும் நம் கையில் பெரிதாக ஒன்றுமில்லை, தாவலில்தான் நமக்கு இடம் இருக்கிறது. நடைமுறையில் அது எப்படி இருக்கும் என்றால், ராத்திரி அந்த முகம் நினைவுக்கு வந்ததும் நெஞ்சில் ஓர் இறுக்கம், தாடையில் ஒரு கடிப்பு, காதில் ஒரு சூடு வரும். வசனம் அதற்கு அடுத்த நொடியில் ஆரம்பிக்கும். அந்த இறுக்கத்திலேயே நின்றுவிடுங்கள். அது எவ்வளவு பெரியது, எங்கே முடிகிறது, மாறுகிறதா, அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கரைக்க முயல வேண்டாம். வசனம் ஆரம்பித்துவிட்டால் மறுபடி நெஞ்சுக்கு வாருங்கள். முதல் சில இரவுகளில் வசனம்தான் ஜெயிக்கும், பரவாயில்லை.

அதுவும் உதவவில்லை என்றால், விடாமல் துரத்தும் எண்ணங்களுக்கென்றே மஜ்ஜிம நிகாயத்தின் இருபதாவது சுத்தத்தில் ஐந்து வழிகள் இருக்கின்றன. வேறு நல்ல எண்ணத்தை அந்த இடத்தில் வைப்பது முதல் வழி, இந்த எண்ணம் எனக்கு என்ன கேடு செய்கிறது என்று பார்ப்பது இரண்டாவது, கவனம் கொடுக்காமல் விடுவது மூன்றாவது, எண்ணத்தின் வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பது நான்காவது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவது கடைசி வழி. நம்மில் பலர் அந்தக் கடைசி வழியில்தான் தொடங்குகிறோம்.

சரி, அடுத்த விஷயம். மனதுக்குள் இரண்டாவது அம்பைக் கவனிப்பதும், நடந்த அநியாயத்தைச் சகித்துக்கொள்வதும் ஒன்றல்ல. நன்றாகப் பேசப்பட்ட பேச்சுக்குப் புத்தர் ஐந்து அடையாளங்கள் சொல்கிறார்: சரியான நேரத்தில், உண்மையாக, மென்மையாக, பயனுள்ளதாக, நல்லெண்ணத்தோடு. இதில் பேசாதே என்று எங்கேயும் இல்லை. உங்கள் வசனம் ஓடுவது அடங்கிய ஒரு நாளில், அவரிடம் தனியாக, "அன்று எல்லோர் முன்னிலையிலும் நீங்கள் பேசியது எனக்கு வலித்தது, குறை இருந்தால் தனியாகச் சொல்லுங்கள்" என்று சொல்லலாம். அவர் திரும்பத் திரும்ப அதையே செய்கிறவர் என்றால் எழுத்தில் புகார் கொடுக்கலாம், வேறு வேலையும் தேடலாம். இவை எதுவும் தியானத்துக்கு எதிரானவை அல்ல.

கேள்வி: எவ்வளவு தீர்மானம் எடுத்தாலும் கை தானாகக் கைபேசிக்குப் போகிறது. என்ன செய்ய?

பதில்: கை போவதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன இருந்தது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சிறிய அலுப்பு, அல்லது ஒரு வேலையைத் தொடங்கப் பயம், அல்லது ஒன்றுமே இல்லாத வெறுமை. சல்லத்த சுத்தத்திலேயே இதுவும் இருக்கிறது: வலி வந்தவன் புலனின்பத்தைத் தேடி ஓடுகிறான், ஏனென்றால் வலியிலிருந்து வெளியே வர வேறு வழி அவனுக்குத் தெரியாது. கைபேசியை எடுப்பதைத் தடுக்க வேண்டாம், எடுப்பதற்கு முன் அந்த அலுப்போடு மூன்று மூச்சு இருங்கள். அப்புறமும் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன வருடம் அம்மா இறந்துபோனார். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எல்லாம் "பற்று வைக்காதே, எல்லாம் நிலையற்றது என்று புத்தரே சொல்லியிருக்கிறார்" என்கிறார்கள். அழுகை வந்தாலே குற்றவுணர்ச்சியாக இருக்கிறது. நான் பற்றுள்ளவளாக இருப்பது தவறா?

பதில்: அழுங்கள் அம்மா. உங்களிடம் அப்படிச் சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள், ஆனால் துக்கத்தில் இருப்பவரிடம் நிலையாமையைப் போதிப்பதற்கு ஒரு நேரம் காலம் வேண்டும்.

குசிநாராவில் புத்தர் இறுதிப் படுக்கையில் இருந்தபோது, இருபத்தைந்து வருடங்கள் அவருக்குப் பணிவிடை செய்த ஆனந்தர் விகாரத்துக்குள் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார். நான் இன்னும் கற்க வேண்டியவனாகவே இருக்கிறேன், என்மீது இரக்கம் கொண்ட ஆசிரியர் போகப்போகிறாரே என்று அழுதார். புத்தர் "ஆனந்தன் எங்கே" என்று கேட்டு ஆள் அனுப்பி வரவழைத்தார். பிரியமான எல்லாவற்றையும் பிரியத்தான் வேண்டும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன் அல்லவா, வருந்தாதே என்றார், உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. இத்தனை காலம் செயலாலும் சொல்லாலும் மனதாலும் அளவில்லாத அன்போடு எனக்குப் பணி செய்தாய், நீ புண்ணியம் செய்தவன் என்று அந்த அன்பை அவர் முன்னாலேயே பாராட்டினார், பிறகு மற்ற பிக்குகளிடமும் ஆனந்தரின் சிறப்புகளை எடுத்துச் சொன்னார். தன் மரணத்துக்குச் சில மணி நேரம் முன்பு, அழுகிற ஒருவருக்குக் கொடுத்த நேரம் அது.

இன்னொன்றும் சொல்கிறேன். தலைமைச் சீடர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் இறந்த பிறகு, பிக்குகள் கூட்டத்தைப் பார்த்துப் புத்தர், அவர்கள் இல்லாத இந்தச் சபை எனக்கு வெறுமையாகத் தெரிகிறது என்று சொன்னதாகச் சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. அவர் துயரப்படவில்லை, சரி. ஆனால் அந்த வெறுமையை வாய்விட்டுச் சொன்னார்.

அதனால் அழுகை வரும்போது அதைப் பற்று என்று பெயர் சூட்டித் துரத்தாதீர்கள். தொண்டை அடைப்பது, கண் எரிவது, மார்பு விம்முவது, இவை முதல் அம்பு. "நான் அழக் கூடாது, இன்னும் மீளவில்லையே" என்பது இரண்டாவது. இரண்டாவதை மட்டும் விட்டுவிட்டால் போதும். துக்கம் அலையலையாக வரும், சில நாள் வராது, வராத நாளில் அம்மாவை மறந்துவிட்டோமோ என்று பதறவும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் (விழிப்புப் பயிற்சி) வகுப்பு நடத்துகிறார்கள், கைபேசிச் செயலிகளும் நிறைய வந்துவிட்டன. இதுவும் புத்தர் சொன்னதும் ஒன்றா?

பதில்: ஒரு பகுதி ஒன்று. இன்று மருத்துவமனைகளிலும் நிறுவனங்களிலும் சொல்லித்தரப்படும் வடிவத்துக்கு முக்கியமான தொடக்கம் ஜான் கபாட்-ஸின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஆரம்பித்த எட்டு வாரப் பயிற்சி. தீராத வலியோடு இருந்த நோயாளிகளுக்காக, மதச் சொற்களை எடுத்துவிட்டு அவர் அதை அமைத்தார். அதனால் பலர் பயனடைந்திருக்கிறார்கள், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அதற்கும் முன்னால், இது மடத்தை விட்டு வீட்டுக்கு வந்த கதை பர்மாவில் இருக்கிறது. 1885இல் ஆங்கிலேயர் மேல் பர்மாவையும் பிடித்த பிறகு, மன்னர் ஆதரவு இல்லாத நிலையில் புத்தரின் போதனையான தம்மம் அழிந்துவிடக் கூடாது என்று துறவி லெடி சயடோ (1846–1923) சாதாரண மக்களுக்கும் தியானத்தைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அந்த வழியில் வந்த ஊ பா கின் (1899–1971) துறவி அல்ல, சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்காளராக இருந்த குடும்பஸ்தர். தன் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்ற வணிகர்தான் எஸ். என். கோயங்கா (1924–2013). கோப்புகளுக்கும் கணக்குகளுக்கும் நடுவில் உட்கார்ந்து செய்தவர்கள் இவர்கள், அதனால் அன்றாட வாழ்க்கைக்கு இது ஒத்துவருமா என்ற சந்தேகம் எனக்கு வந்ததே இல்லை.

வித்தியாசம் எங்கே என்றால், புத்தர் சொன்ன எட்டு அங்கப் பாதையில் நல்விழிப்பு ஏழாவது அங்கம். அதற்கு முன்னால் நற்பேச்சு, நற்செயல், நல்வாழ்க்கைத் தொழில் எல்லாம் இருக்கின்றன. கவனம் மட்டும் போதும் என்றால் திருடனுக்கும் கூர்மையான கவனம் உண்டு, தவறான விழிப்பு என்றே பாலி நூல்கள் தனியாக ஒன்றைச் சொல்கின்றன. நாள் முழுக்க வாடிக்கையாளரிடம் பொய் சொல்ல வைக்கும் ஒரு நிறுவனம், மாலையில் அரை மணி நேரம் மூச்சைக் கவனிக்கச் சொன்னால், அந்த மூச்சில் அன்றைய பொய்களும் வந்து நிற்கும். வகுப்புக்குப் போங்கள், மூச்சைக் கற்றுக்கொள்ளுங்கள், செயலியும் பயன்படுத்துங்கள். கூடவே, பேச்சில் ஒரு பொய்யைக் குறைத்துப் பாருங்கள், உட்காரும்போது அதன் பலன் தெரியும்.

கேள்வி: நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன், வேறு மதத்தைச் சேர்ந்தவன். இதைச் செய்தால் என் நம்பிக்கைக்குத் துரோகமா?

பதில்: மூச்சு எந்த மதத்துக்கும் சொந்தமில்லை. கோபம் வருவதையும் போவதையும் பார்ப்பதற்கு உங்கள் பிரார்த்தனையை நிறுத்த வேண்டியதில்லை. மறுபிறவி, நிப்பானம் என்னும் இறுதி விடுதலை பற்றிய பௌத்தக் கொள்கைகளை ஏற்பதா என்பது தனிக் கேள்வி, அதை அவசரப்பட்டு முடிவு செய்ய யாரும் உங்களைக் கேட்கவில்லை.

கேள்வி: கண்ணை மூடியதும் படபடப்பு வருகிறது. பழைய சம்பவம் ஒன்று கண்முன் வந்து மூச்சு முட்டுகிறது. பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். பத்து நாள் மௌன முகாமுக்குப் போகலாமா?

பதில்: இப்போது போக வேண்டாம். பொறுத்துக்கொண்டு உட்காரவும் வேண்டாம், இதை எவ்வளவு அழுத்தமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன். பழைய அதிர்ச்சி உள்ளவர்களுக்குக் கண்ணை மூடி நீண்ட நேரம் உள்ளே பார்ப்பது சில சமயம் காயத்தை அதிகமாக்கிவிடும், இது உங்கள் மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல. பத்து நாள் முகாம்களின் விண்ணப்பத்திலேயே மனநலம் பற்றிக் கேட்பது இதனால்தான், அங்கே எதையும் மறைத்து எழுதாதீர்கள்.

முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் தியானத்தை நம்பி அதை நிறுத்தாதீர்கள். அவர் சரி என்று சொன்னால், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்து பழகுங்கள். பாதம் எழுவது, நகர்வது, தரையில் படுவது, இது மட்டும் போதும். படபடப்பு வந்தால் அறையில் உள்ள பொருட்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள், யாரிடமாவது பேசுங்கள், பயிற்சியை அன்றைக்கு விட்டுவிடுங்கள். நூல்கள் நடப்பதையும் நிற்பதையும் படுப்பதையும் உட்காருவதற்குச் சமமாகவே வைத்திருக்கின்றன, அதனால் உட்காராமல் போனால் குறைந்த பயிற்சி என்று நினைக்க வேண்டாம். ஞானம் அடைவதற்கு முன்பு காட்டில் தனியாக இருந்தபோது தனக்கும் பயமும் நடுக்கமும் வந்ததாகப் புத்தரே ஒரு சுத்தத்தில் சொல்லியிருக்கிறார். பயம் வந்தது என்பதற்காக உங்களை நீங்களே தாழ்த்திக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: என் கணவர் தியானம் தியானம் என்று கதவைச் சாத்திக்கொள்கிறார். வீட்டு வேலை எல்லாம் என் தலையில். உள் அமைதி என்பது சுயநலம்தானோ?

பதில்: கதவைச் சாத்தியவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். சேதகம் என்ற ஊரில் புத்தர் சொன்ன ஒரு கதை இருக்கிறது, மூங்கில் கம்பத்தில் வித்தை காட்டும் குருவும் சீடப் பெண்ணும். குரு சொல்கிறார்: நீ என்னைப் பார்த்துக்கொள், நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன். சீடப் பெண் சொல்கிறாள்: இல்லை ஐயா, நீங்கள் உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் என்னைப் பார்த்துக்கொள்கிறேன், அப்போதுதான் இருவரும் பத்திரமாக இறங்குவோம். அவள் சொன்னதே முறை என்கிறார் புத்தர், ஆனால் அங்கே நிறுத்தவில்லை. தன்னைக் காப்பவன் பிறரைக் காக்கிறான், பிறரைக் காப்பவன் தன்னைக் காக்கிறான் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார். பிறரைக் காப்பது எதனால்? பொறுமையால், தீங்கு செய்யாமையால், அன்பால், இரக்கத்தால்.

உங்கள் கணவர் முதல் பாதியை மட்டும் செய்கிறார். அவர் உட்காரட்டும், அதைத் தடுக்க வேண்டாம். எழுந்து வந்ததும் அவருக்கென்று வேலைகளைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள், கோபம் உச்சத்தில் இருக்கும்போது இல்லாமல் வேறு நேரத்தில் உட்கார்ந்து பேசி. உங்களுக்கும் ஒரு அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் அதே பேச்சில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. கோபக்காரன், பொய்யும் சொல்கிறான். தியானம் கற்றுக்கொடுத்தால் மாறுவானா?

பதில்: புத்தர் தன் மகன் ராகுலனுக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பாருங்கள். மஜ்ஜிம நிகாயத்தின் அறுபத்தோராவது சுத்தம், அப்போது ராகுலனுக்கு ஏழு வயது என்று அதற்கான பழைய விளக்க உரை சொல்கிறது. கண்ணை மூடு, மூச்சைக் கவனி என்று அங்கே ஆரம்பிக்கவில்லை. கால் கழுவிய பாத்திரத்தில் மீதி இருந்த கொஞ்சம் தண்ணீரைக் காட்டி, தெரிந்தே பொய் சொல்லக் கூசாதவரின் துறவு இவ்வளவுதான் என்றார். அப்புறம் கண்ணாடி எதற்கு என்று கேட்டார். பார்ப்பதற்கு என்றான் ராகுலன். அதுபோலத்தான், எதைச் செய்தாலும், சொன்னாலும், நினைத்தாலும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றார்: செய்வதற்கு முன் ஒருமுறை, செய்யும்போது ஒருமுறை, செய்த பின் ஒருமுறை. இது எனக்கோ பிறருக்கோ துன்பம் தருமா? தரும் என்று தெரிந்தால் செய்யாதே, நடுவில் தெரிந்தால் நிறுத்து, முடிந்த பிறகு தெரிந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் போய்ச் சொல்லிவிடு.

உங்கள் மகனிடம் அந்த மூன்றாவதில் இருந்து தொடங்குங்கள். செய்ததைச் சொன்னால் அடி விழாது என்று அவனுக்கு உறுதியாகத் தெரிய வேண்டும், அது இல்லாமல் எந்தப் பிள்ளையும் உண்மை சொல்லாது. கோபம் அடங்கிய பிறகு, "கோபம் வந்தபோது உடம்பில் எங்கே தெரிந்தது?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். பிள்ளைகள் இதற்குப் பெரியவர்களை விடத் தெளிவாகப் பதில் சொல்வார்கள், கை சூடானது, வயிறு முறுக்கியது என்று. அவன் சொல்வதைத் திருத்தாமல் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கோபம் வரும் நாளில் நீங்களும் அவனிடம் அப்படிச் சொல்லிக்காட்டுங்கள். கண்ணை மூடி உட்காரும்படி இப்போது கட்டாயப்படுத்த வேண்டாம், அவனாக வந்து கேட்டால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நாலைந்து மூச்சு சேர்ந்து கவனியுங்கள்.